கச்சான் தோட்டத்தில் தொங்கிய கலியாணம்

கச்சான் தோட்டத்துக்கு மேலே அக்காவின் கலியாணம் தொங்கிக்கொண்டிருந்தது. நட்டுவைத்த கம்பு ஒன்றின் நுனியில், மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் கட்டுண்டு, காற்று வந்தபோதெல்லாம் அது மெல்லத் திரும்பியது. திரும்பும்போது வெயிலை வாங்கி நிலக்கடலைச் செடிகளின் மேலே எறிந்தது. ஊதாவும் பச்சையும் கலந்த ஒரு வட்டம் இலைகளின் மேலே ஊர்ந்துபோய், வரம்பில் ஏறி, என் காலில் விழுந்து, பிறகு வந்த வழியே திரும்பிப் போனது. கோபப்படுவதற்காகத்தான் நான் அங்கே ஓடிப்போனேன். ஆனால் கொஞ்ச நேரம் கோபத்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பாலைமர நிழலில் அப்பா குந்தியிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

"இது கட்டினாப் பிறகு ஒரு மயிலும் கிட்ட வரேல்லை," என்றார். "மற்றச் சீடியள் இவ்வளவு மினுங்காது. இது நல்ல சாமான்."

"அப்பா, அது அக்கான்ரை கலியாணம்."

"எந்தக் கலியாணம்?"

"அக்காவுக்கு எத்தினை கலியாணம் நடந்தது?"

அப்பா தலையை நிமிர்த்தி அந்தத் தட்டைப் பார்த்தார். தட்டும் திரும்பி அவரைப் பார்த்தது.

"அது பழுதெண்டுதானே சொன்னாங்கள்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடுவிலை ஓட்டையும் இருந்தது, நூல் கோக்க," என்று சேர்த்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் இதை யாரும் பெரிய குற்றமாக எடுக்கமாட்டார்கள். துணுக்காய்ப் பக்கம் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் பழைய சீடிகள் தொங்கும். மயிலுக்கும் கிளிக்கும் அந்த மினுக்கம் பிடிக்காது. படத் தட்டுகள், பாட்டுத் தட்டுகள், யாரோ பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படத்தின் கொப்பிகள், எல்லாம் தொங்கும். சைக்கிளில் போகும்போது நான் நினைப்பதுண்டு, இந்தத் தட்டுகளுக்குள் எத்தனை பேர் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு காற்றில் சுழல்கிறார்கள், எத்தனை மேளம் சத்தமில்லாமல் அடிக்கிறது என்று. மத்தியான வெயிலில் அப்படி நினைத்தால் உடம்பு லேசாகி, சைக்கிள் தானாகப் போவதுபோல் இருக்கும்.

ஆனால் இந்தத் தட்டு அப்படிப் போகவிடக்கூடிய தட்டு அல்ல. அம்மாவும் அக்காவும் பல வருடமாகத் தீர்க்காமல் வைத்திருந்த ஒரு வழக்குக்கு உலகத்திலேயே மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அது.

வழக்கு இதுதான். அக்காவின் கலியாணம் கனடாவில் நடந்தது. அப்போது சண்டையால் எங்களுக்குப் பாதை பூட்டியிருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டுவதே பெரும்பாடு. விமானம் ஏறிக் கலியாணத்துக்குப் போவதைப் பற்றி வீட்டில் யாரும் வாய்திறக்கவே இல்லை. அக்கா ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். மணவறைக்குப் போகமுன் மல்லாவியில் உள்ள கொமினிகேசனுக்குக் கோல் எடுப்பேன், அம்மாவும் அப்பாவும் அங்கே வந்து நில்லுங்கள், உங்கள் வாயால் ஒரு வாழ்த்துக் கேட்டுவிட்டுத்தான் போய் மணவறையில் இருப்பேன் என்று.

கொமினிகேசன் என்பது ஒரு தகரக் கொட்டில். உள்ளே ஒரு மேசை, மேசையில் ஒரு தொலைபேசி, சுற்றிவரக் கதிரைகள். வெளிநாட்டில் பிள்ளையோ சகோதரமோ உள்ள சனம் எல்லாம் அந்த ஒரு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கும். அது அடித்தால் எல்லாரும் ஒருமுறை நிமிர்வார்கள். பெயர் கூப்பிட்டதும் ஒருவர் எழும்ப, மற்றவர்கள் திரும்பவும் சாய்வார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் அம்மா இருந்ததில் நல்ல சேலையை உடுத்தார். கையில் ஒரு தட்டம், அதற்கு மேலே வெள்ளைத் துணி. நான் துணியை விலக்கிப் பார்த்தேன். அறுகம்புல்லும் மஞ்சள் கலந்த பச்சையரிசியும். கலியாணத்தில் பெரியவர்கள் இரண்டு கையாலும் எடுத்துப் பொம்பிளை மாப்பிள்ளையின் தலையில் இட்டு வாழ்த்துகிற அதே அறுகரிசி.

"ரெலிபோனுக்கோ அம்மா அறுகரிசி போடப்போறியள்?" என்று கேட்டுச் சிரித்தேன். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. எதற்கும் சிரிப்பு வரும்.

"ரெலிபோனுக்கில்லை," என்றார் அம்மா. "அதுக்குள்ளை இருந்து என்ரை பிள்ளை கதைப்பாள்தானே."

போய் இருந்தோம். இங்கே பொழுது சாய்கிற நேரம் அங்கே விடிந்து வருகிற நேரம் என்று அப்பா விளக்கம் சொல்லிக்கொண்டு இருந்தார். தொலைபேசி அடித்தது. ஒரு பெண் ஓடிப்போய் எடுத்தாள். சுவிசிலிருந்து அவளுடைய தம்பி. அவர்கள் வீட்டுப் பசு கண்டு போட்ட கதையை அவள் தம்பிக்குச் சொல்லத் தொடங்கினாள். கஷ்டமான கண்டுபோடல் போலிருக்கிறது. கால் முதலில் வந்ததும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து இழுத்ததும், கண்டின் நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததும், ஒன்றையும் விடவில்லை. கொட்டிலில் இருந்த நாங்கள் எல்லாரும் அந்தப் பசுவுக்காகக் கவலைப்பட்டு, கடைசியில் நிம்மதிப் பெருமூச்சும் விட்டோம். அம்மாவும்தான். பிறகும் வேறு ஆட்களுக்குக் கோல்கள் வந்தன. எங்களுக்கு வரவில்லை. கடைக்காரர் கதிரைகளை அடுக்கத் தொடங்கியபோது நாங்கள் எழும்பினோம்.

வீட்டுக்கு வந்து அம்மா அந்த அறுகரிசியைக் கோழிகளுக்குப் போட்டார். கோழிகள் அரிசியைக் கொத்தித் தின்றுவிட்டு அறுகைக் காலால் தள்ளிவிட்டன. அறுகரிசி கொண்டுபோன கதையை அக்காவுக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா எனக்குச் சத்தியம் வாங்கினார். அவரும் ஒருநாளும் சொல்லவில்லை.

"மற்றச் சனத்துக்கெல்லாம் கோல் வந்தது. லைன் வேலை செய்தது. எனக்குத்தான் வரேல்லை." இது அம்மாவின் வழக்கு.

"எடுத்தனான் அம்மா. எடுத்து எடுத்துப் பாத்தனான்." இது அக்காவின் மறுமொழி, நெடுநாளைக்குப் பிறகு தொடர்பு கிடைத்தபோது சொன்னது.

"ஓம், ஓம்," என்றார் அம்மா. அந்த இரண்டு ஓமுக்கும் என்ன கருத்து என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு தொலைபேசியில் அம்மா, சாப்பிட்டியா, அங்கை குளிரோ என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனை என்னிடம் தந்துவிடுவார். பாதை திறந்து அக்கா முதல்முறை வந்தபோது அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தார். நண்டு, முருங்கையிலை, ஒடியற்கூழ், ஒன்றும் குறைவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்து ஒரு கதை கதைக்கவில்லை. அக்கா போன பிறகு, அவர் படுத்திருந்த பாயைச் சுருட்டாமல் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தார். எனக்கு அம்மாவின் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிடிவாதத்தை எங்கே போய் வாங்கினாரோ.

சண்டையும் இடப்பெயர்வும் முடிந்து நாங்கள் எங்கள் காணிக்குத் திரும்பி, தலைக்குமேலே ஒரு கூரை போட்ட காலத்தில், ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து தந்தார். ஒன்று சாதாரண டிவிடி. மற்றது சிவப்பு உறைக்குள் இருந்தது.

டிவிடியைப் பக்கத்து வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்தோம். அயலே கூடிவிட்டது. நல்ல கலியாணம்தான். அக்கா தோழிகளோடு படியால் இறங்கி வருகிறார், அடுத்த கணமே மணவறையில் இருக்கிறார். அம்மாவின் இடத்தில் யாரோ தூரத்து உறவான ஒரு மாமி நிற்கிறார். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். படியால் இறங்கும்போது அக்காவின் கண்மை கோடு கீறினமாதிரி நேராக இருக்கிறது. மணவறையில் இருக்கும்போது ஒரு கண்ணுக்குக் கீழே மை கலங்கியிருக்கிறது. படிக்கும் மணவறைக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அது படத்தில் இல்லை.

"பார், கோல் எடுத்த இடம் எங்கை?" என்றார் அம்மா. "ஒரு இடத்திலையும் இல்லை."

அக்காவிடம் கேட்டேன். அந்த இடம் பெரிய தட்டில் இருக்கிறது, டிவிடியில் இடம் காணாதென்று வீடியோக்காரர் வெட்டிவிட்டார் என்றார் அக்கா.

"இடமில்லையாம்," என்றார் அம்மா என்னிடம். அவ்வளவுதான்.

பெரிய தட்டை டெக்குக்குள் தள்ளினால், அது கொஞ்சம் முனகிவிட்டு வெளியே துப்பியது. கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்ரூடியோக்காரர் இரண்டு கம்பியூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "தட்டு செத்துப்போச்சு தங்கச்சி," என்று கையில் தந்தார். அந்தச் சொல் எங்கள் வீட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டது. செத்த சீடி.

"அது சாகேல்லை மச்சாள்," என்றார் அத்தான் போனில். அக்காவைக் கலியாணம் கட்டியவர். கனடாவில் ஒரு எலெக்ட்ரோனிக் சாமான் கடையில் வேலை செய்தவர், விவாதம் என்றால் சோறு தண்ணி வேண்டாதவர். "அது வேறை வகைத் தட்டு. அதுக்கெண்டு ஒரு பிளேயர் வேணும்."

அன்றைக்குத்தான் அந்தப் பெரும் சண்டையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அவர்களுக்குக் கலியாணம் நடந்த காலத்தில் படம் தெளிவாகத் தெரிகிற புதுத் தட்டு இரண்டு வகை வந்து ஒன்றோடொன்று போட்டி போட்டனவாம். ஒன்று புளூ-ரே. மற்றது எச்.டி. டிவிடி. இரண்டையும் வாசிப்பது ஒரே ஊதா வெளிச்சம்தான். ஆனால் ஒன்றின் பிளேயரில் மற்றது ஓடாது. பழைய டிவிடி ஒரு அடுக்கில் ஐந்து ஜிபி கூடக் கொள்ளாது. புளூ-ரே ஒரு அடுக்கில் இருபத்தைந்து கொள்ளும், இரண்டு அடுக்கில் ஐம்பது. எச்.டி. டிவிடி ஒரு அடுக்கில் பதினைந்து, இரண்டில் முப்பது. அத்தான் பதினைந்தின் பக்கம் நின்றார். அதன் பிளேயர் மலிவு, கடையிலும் அவர் அதைத்தான் விற்றார். குறைவாகக் கொள்ளுகிறதே என்று வருகிறவர்கள் கேட்பார்களாம்.

"படம் எண்டா ரெண்டு மணித்தியாலம் மச்சாள். அது ரெண்டுக்குள்ளையும் கொள்ளும். மிச்ச இடத்தை வச்சு என்ன செய்யிறது, நெல்லே காயப்போடுறது?" என்றார். இந்தப் பகிடியை அவர் அங்கே யாருக்குச் சொல்லியிருப்பார், யார் சிரித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் சிரித்தேன்.

பிறகு படக் கொம்பனிகள் ஒவ்வொன்றாக மற்றப் பக்கம் போய்விட்டன. கடையில் அத்தானின் தட்டுகளை அரைவிலைக்கும் கால்விலைக்கும் தள்ளினார்களாம். "கொள்ளளவாலை தோக்கேல்லை, கொம்பனியள் சேந்து கவிட்டது," என்று அத்தான் இன்றைக்கும் சொல்வார். கடைசிப் பந்தில் தோற்ற கிரிக்கெட் மாட்சைப் பற்றிச் சொல்வதுபோல் அதைச் சொல்வார்.

"அப்ப உங்கடை கலியாணத்துக்கு ஏன் முப்பது வாங்கினியள்?" என்று ஒருநாள் மடக்கினேன்.

அத்தான் முதல்முறையாக விவாதத்தை விட்டார்.

"பதினைஞ்சு எண்டால் கொஞ்சம் வெட்டவேணும் எண்டான் வீடியோக்காரன்," என்றார். அத்தானின் பேச்சில் என் அக்கா எப்போதும் கொக்கா, அம்மா கொம்மா. "கொக்கா விடேல்லை. எதை வெட்டினாலும் அந்தக் கோல் எடுக்கிற துண்டை வெட்டக்கூடாது எண்டவா. அது கொம்மாவுக்குப் போகவேண்டிய துண்டு எண்டவா."

அவர்களிடம் இருந்த தட்டு, நிலத்துக்குக் கீழே இருந்த அறைக்குள் தண்ணீர் புகுந்தபோது மற்றச் சாமான்களோடு போய்விட்டது. பிளேயர் பழுதாகி எறிந்தாகிவிட்டது. வீடியோக்காரர் தொழிலை விட்டு எங்கேயோ போய்விட்டார். ஆக எங்கள் அலுமாரிக்குள் கிடந்த செத்த சீடிதான் மிச்சம். நான் அலுமாரி திறக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு உறையைத் தொட்டுப் பார்ப்பேன். உள்ளே ஒரு அறை இருக்கிறது, அந்த அறையில் என் அக்கா இருக்கிறார், ஊதா வெளிச்சம் போய்த் தொடும்வரை அவர் அசையாமல் அப்படியே இருப்பார் என்று நினைப்பேன். பைத்தியக்கார நினைப்புத்தான். ஆனால் சேலைகளுக்கு நடுவில் கையை வைத்துக்கொண்டு அப்படி நினைத்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் அக்கா திரும்பவும் வருவதாகச் சொன்னார். அதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தான் சந்தோசத்தில் மூச்சுவாங்கியபடி போன் எடுத்தார். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்ற இடத்தில் அந்தத் தட்டை வாசிக்கிற பெட்டி ஒன்று அகப்பட்டுவிட்டதாம். கம்பியூட்டரோடு கொழுவினால் வேலை செய்யுமாம். "கொக்கா கொண்டு வாறா. தட்டைப் பத்திரமா எடுத்து வையுங்கோ," என்றார்.

அலுமாரியைத் திறந்து சிவப்பு உறையை எடுத்தேன். பாரமில்லாமல் இருந்தது. திறந்தால் வெறும் உறை. அப்போதுதான் தோட்டத்தின் மினுக்கம் நினைவுக்கு வந்து, வெறுங்காலா செருப்பா என்று பார்க்காமல் ஓடினேன்.

அவிழ்த்துக் கொண்டுவந்த தட்டு பார்க்கச் சகிக்கவில்லை. புழுதி, காகத்தின் எச்சம், கீறல். கம்பில் மோதி மோதி விளிம்பு உராய்ந்திருந்தது. வீடியோ கோலில் அதைக் காட்டியபோது அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லத் திறந்து வைத்தியம் சொன்னார். பற்பசை எடுத்து, பழைய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்துத் துடைக்கவேண்டும். சுற்றித் தேய்க்கக்கூடாது. அப்பா தன் வேட்டி ஒன்றைக் கிழித்துத் தானே அந்த வேலையைப் பொறுப்பெடுத்தார். முற்றத்தில் இருந்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல், மெல்ல மெல்லத் துடைத்தார்.

"படம் நடுவிலை இருந்து தொடங்கி வெளியாலை போறது மாமா. விளிம்பிலை இருக்கிறது கடைசிப் பகுதி," என்றார் அத்தான் போனிலிருந்து.

"கடைசியிலை என்ன?"

"சாப்பாடு."

"சாப்பாடு போனாப் பறவாயில்லை," என்றார் அப்பா. அவர் முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பி வந்தது.

அம்மா குசினி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தார். "செத்ததுக்கு ஏனப்பா பல்லுத் தீட்டி விடுறியள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். ஆனால் அன்றைக்கு அவர் அரிசி களைந்த சத்தம் நெடுநேரம் கேட்டது. ஒரே அரிசியை எத்தனை தரம் களைந்தாரோ.

அக்கா வந்தார். சொக்கிலேற்றுகளுக்கும் சவர்க்காரங்களுக்கும் நடுவில் துவாயால் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி. அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு, அக்காவின் லாப்டொப்பில் பெட்டியைக் கொழுவி, லாப்டொப்பை ரீவியோடு கொழுவினோம். அங்கே சாமம் என்றாலும் அத்தான் நித்திரை கொள்ளாமல் வீடியோ கோலில் நின்றார். அவரைச் சீனி ரின்னில் சாய்த்து மேசையில் வைத்தோம். வெளிச்சம் ரீவியில் படாமல் யன்னல்களைச் சாத்தினேன். பலகை நீக்கல்களால் வந்த வெயில் மட்டும் நிலத்தில் கோடுகோடாகக் கிடந்தது. வெளியே காற்றும் இல்லை, ஒரு கோழியின் சத்தமும் இல்லை. ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்த நேரம்.

அப்பா கதிரையில். அம்மா நிலத்தில் பாய் போட்டு, ரீவிக்குப் பக்கமாக. அக்கா வந்து இருக்கவில்லை. குசினி வாசலில் நின்று, காய்ந்துபோன கோப்பை ஒன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அக்கா பயந்துபோய் நிற்கிறார் என்று. அந்தத் துண்டு கீறலில் போயிருந்தால் அவர் சாகும்வரைக்கும் பொய் சொன்ன மகள்தான். வேறு சாட்சி இல்லை.

பெட்டி முனகியது. நின்றது. திரும்ப முனகியது. ரீவி கறுப்பாகவே இருந்தது. பிறகு சட்டென்று, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ தலையை வெளியே எடுத்ததுபோல, அக்கா வந்தார்.

நாங்கள் டிவிடியில் பார்த்த அக்கா பனிமூட்டத்துக்குள் நின்றதுபோல் மங்கலான அக்கா. இவர் அப்படி இல்லை. நெற்றியில் தனித்தனியாக விழுந்த முடி தெரிந்தது. காதுக்குப் பக்கத்தில் மாமரத்தால் விழுந்து வந்த தழும்பு தெரிந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது.

"என்னமாய் மெலிஞ்சு கிடந்திருக்கிறாள்," என்றார் அம்மா. "முந்திப் பாத்ததிலை இது தெரியேல்லையே."

திரையில் அக்கா படியால் இறங்கி வந்தார். அந்த இடத்தில் படம் நின்றது. அக்காவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. அப்பா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். மேசையிலிருந்து அத்தான், "பொறுங்கோ, கை வையாதேங்கோ, பொறுங்கோ," என்று மன்றாடினார். கோப்பை துடைக்கிற சத்தம் நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். மயிலை வாகனமாகக் கொண்ட முருகனையும், கொஞ்சம் கூச்சத்தோடு, கூப்பிட்டேன்.

சதுரங்கள் மெல்லக் கூடின. ஒரு சின்ன அறை. மணவறைச் சேலையில் அக்கா கதிரை நுனியில் இருக்கிறார். மடியில் ஒரு தொலைபேசி. கையில் ஒரு போன் காட். ஒரு சில்லறைக் காசால் அதைச் சுரண்டுகிறார். மருதாணிக் கைகளில் சாம்பல் நிறத் தூள் படிகிறது. இலக்கங்களை ஒவ்வொன்றாக அமத்துகிறார். காதில் வைக்கிறார். அந்தச் சத்தம் எங்கள் வீட்டு ரீவியில் தெளிவாகக் கேட்டது. பீப், பீப், பீப்.

"பிஸி," என்கிறார் அக்கா யாருக்கோ. திரும்பவும் அமத்துகிறார். பீப், பீப்.

அம்மா பாயில் நிமிர்ந்தார். "பிஸியோ?" என்றார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அந்த மாட்டுக்காரி! வெள்ளைப் பொட்டும் கறுப்புப் பொட்டும் எண்டு கதைச்சுக்கொண்டு நிண்டவளல்லோ! நானும் பக்கத்திலை இருந்து வாய்பாத்துக்கொண்டெல்லோ இருந்தனான்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கும் வந்தது. சீனி ரின்னில் சாய்ந்திருந்த அத்தானுக்கு விசயம் விளங்காமலே சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் ரீவியையே பார்த்தார்.

கதவைத் தட்டுகிற சத்தம். "பிள்ளை, ஐயர் கூப்பிடுறார், முகூர்த்தம் போகப்போகுது."

"இன்னொருக்கா," என்கிறார் அக்கா. "ஒரே ஒருக்கா மாமி. அம்மா அங்கை வந்து நிப்பா. எனக்கு அவாவைத் தெரியும். அறுகரிசியும் கொண்டு வந்திருப்பா."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. நிலத்தில் கிடந்த வெயில் கோடுகளைப் பார்த்தேன். நான் சத்தியத்தை மீறவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. இருந்தும் அக்காவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

படம் ஓடியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண் இலக்கம் அமத்துகிறாள், கேட்கிறாள், வைக்கிறாள், திரும்பவும் அமத்துகிறாள். புத்தியுள்ள எந்த வீடியோக்காரனும் வெட்டி எறிகிற இடம். ஐந்தில் கொள்ளாமல், பதினைந்திலும் கொள்ளாமல், முப்பது வாங்கியது இந்த ஒன்றும் நடக்காத இடத்துக்காகத்தான். அத்தான் எத்தனை விவாதம் செய்தாலும் சரி, மிச்ச இடம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. எல்லாருக்கும் காட்டுகிற கலியாணம் எந்தத் தட்டிலும் கொள்ளும். அக்கா காத்திருந்தது கொள்ளவேண்டுமென்றால் இடம் வேண்டும்.

திரையில் அக்கா புறங்கையால் ஒரு கண்ணைத் துடைத்தார். மை கலங்கியது. டிவிடியில் நான் கண்டுபிடித்த அதே கண். திரும்பவும் தொலைபேசியை எடுத்தார். வெளியே கதவைத் தட்டினார்கள். அவர் கேட்காதவர்போல் இலக்கங்களை அமத்தத் தொடங்கினார்.

அம்மா முன்னால் சரிந்து, திரைக்குக் கிட்டப்போனார்.

"காணும் பிள்ளை, போதும்," என்றார். "எழும்பிப் போய் இரு. நேரம் போகுது."

குசினி வாசலில் கோப்பையை வைக்கிற சத்தம் கேட்டது. திரையில் அக்கா தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

மணவறையும் தாலியும் கூறைச்சேலையும் ஓடின. கூறைச்சேலை மாற்றி அக்கா வந்து இருந்தபோது, அம்மா திரும்பிப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்.

"கிணத்தடியிலை போய் அறுகு கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு வா."

கிணற்றடியில் எந்த வெயிலிலும் அறுகு பச்சையாக நிற்கும். ஈரத்தில் குந்தியிருந்து நுனி நுனியாகக் கிள்ளினேன். கண் மறைத்தபடியால் கோரையையும் சேர்த்துப் பிடுங்கி, பிறகு பொறுக்கி எறிந்தேன். தோட்டத்தில் வெறுங்கம்பு நின்றது. ஒரு மயில் ஆறுதலாக உள்ளே நடந்துகொண்டிருந்தது. நான் கலைக்கவில்லை.

உள்ளே வந்தபோது ரீவி சாப்பாட்டு மேசைகளில் சதுரமாகி நின்றுவிட்டிருந்தது. அம்மா பச்சையரிசியில் மஞ்சள் பிசறித் தட்டத்தில் வைத்திருந்தார். அக்கா அவருக்கு முன்னால் பாயில் இருந்தார். சாயம் பூசிய தலை, வகிட்டில் வெள்ளை தெரிந்தது. அம்மா இரண்டு கையாலும் அறுகும் அரிசியும் எடுத்து, முழங்காலில் தொட்டு, தோளில் தொட்டு, அந்த வகிட்டில் இட்டார். மூன்று தரம். வாழ்த்து ஏதும் சொன்னாரா என்று எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது. அக்கா குனிந்த தலையை நெடுநேரம் நிமிர்த்தவில்லை.

"மாமி," என்று மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கில்லையோ?"

அம்மா திரும்பிப் பார்த்தார். சீனி ரின்னில் சாய்ந்திருந்த போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டத்தில் மிச்சம் இருந்ததை இரண்டு கையாலும் வழித்து எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். நான் சிரிக்கவில்லை. அத்தான் அங்கே தலையைக் குனிந்தார். அம்மா அறுகரிசியைப் போனின் மேலே போட்டார்.